க்யூஆர் அட்டை தொங்கும் ஊரில் கார்டு மெஷினை யாரிடம் கொண்டுபோவது?

கேள்வி: நான் தேவகோட்டையைச் சேர்ந்தவன். சிம் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லக்கூடிய கார்டு மெஷின்களை வணிகர்களுக்குப் பொருத்தித் தரும் ஒரு நிறுவனத்தில் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பகுதிகளுக்கு முகவராகச் சேர்ந்திருக்கிறேன். மெஷினுக்கு மாத வாடகை உண்டு. பொருத்தும் மெஷினுக்கும் அதில் நடக்கும் வணிகத்துக்கும் எனக்குக் கமிஷன் கிடைக்கும். செக்காலை ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டேன். "அதான் க்யூஆர் ஒட்டியிருக்கோமே தம்பி, இதுக்கு வாடகை வேற குடுக்கணுமா?" என்கிறார்கள். கூட்டம் வருகிற இடமாயிற்றே என்று பிள்ளையார்பட்டிக்கும் போனேன். அங்கும் அதே பதில்தான். வாங்கியவர்களில் சிலர் இரண்டே மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆத்தங்குடி டைல்ஸ்காரர்களையும் புதுவயல் அரிசி ஆலைகளையும் பிடித்தால் நன்றாக இருக்குமா? வணிகர்களின் கைபேசி எண் பட்டியலை விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா? வாடகையைத் தள்ளுபடி செய்தால் விற்குமா? காரைக்குடியில் ஒரு ஆபீஸ் போடலாமா? — பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கடைக்காரர்கள் உங்களிடம் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு விடையே இல்லாத கடைகளில் மெஷினை விற்க முயன்றதுதான் உங்கள் அலைச்சலுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ வழியாக வரும் பணத்துக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்ற விதி 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டு விற்பவர், ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, பணம் வந்ததை உரக்கச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் ஒன்றையும் வைத்துக்கொண்டு நிம்மதியாக வியாபாரம் செய்கிறார். அவருக்கு உங்கள் மெஷின் தேவையில்லை. தேவையில்லாதவரிடம் எவ்வளவு திறமையாகப் பேசி விற்றாலும் அது இரண்டு மாதத்தில் திரும்பி வரத்தான் செய்யும். கூட்டத்தைப் பார்த்துப் போகும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஒரு கடையில் சராசரி பில் எவ்வளவு, அதைக் கொடுப்பவர் எங்கிருந்து வந்தவர் என்ற இரண்டை மட்டும் பார்க்கத் தொடங்குங்கள்.

க்யூஆர் அட்டை கைவிடும் சந்தர்ப்பங்கள் மூன்றுதான். முதலாவது, பில் தொகை யூபிஐ வரம்பைத் தாண்டுவது. ஒரு நாளைக்குப் பொதுவாக ஒரு லட்சம் ரூபாய் என்பதே வரம்பு, சில வகை வணிகங்களுக்கு மட்டுமே அது கூடுதலாக இருக்கிறது. இரண்டாவது, பணம் கொடுப்பவரிடம் யூபிஐ இல்லாமலிருப்பது. வெளிநாட்டுப் பயணிகளும், அயல்நாட்டில் குடியேறிவிட்ட நம்மவர்களில் பலரும், கைபேசியில் பணம் அனுப்ப அஞ்சும் முதியவர்களும் இந்த வகையினர். மூன்றாவது, இன்று வாங்கிவிட்டு அடுத்த மாதமோ தவணையிலோ கட்ட விரும்புவது. ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயில் இணைத்துக்கொள்ள முடியும் என்றாலும், விசா, மாஸ்டர்கார்டு முத்திரையுள்ள கிரெடிட் கார்டுகளுக்கு அந்த வசதி இல்லை. அவற்றை வைத்திருப்பவருக்கு மெஷின்தான் வழி. இம்மூன்றில் ஒன்றாவது வாரத்துக்குச் சில தடவை நேரும் கடைதான் உங்கள் கடை. மற்றவற்றின் படியேறுவதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் பார்த்தால் செட்டிநாடு உங்களுக்குச் சாதகமான நிலம். ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சொந்தக்காரர்கள் சென்னையிலும் கோவையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். திருமணத்துக்கும் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊருக்கு வந்து, சில நாள்களில் பெருந்தொகையைச் செலவழித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். இவர்களைத் தவிர, வீடுகளைப் பார்க்கவும் சாப்பாட்டைச் சுவைக்கவும் குளிர்காலத்தில் வரும் வெளிநாட்டுப் பயணிகள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் இந்தப் பணம் ஊரில் யார் யார் கையில் போய்ச் சேருகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விலைக்கு வாங்கும் பட்டியலில் அந்தப் பெயர்கள் இருக்காது.

அந்தத் தாளில் முதலில் வர வேண்டியவர்கள் கானாடுகாத்தான், கொத்தமங்கலம், காரைக்குடிப் பக்கங்களில் பழைய வீடுகளை விடுதியாக மாற்றி நடத்துவோரும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்போரும். பெரிய விடுதிகளில் வங்கி மெஷின் ஏற்கெனவே இருக்கும். உங்களுக்கு வாய்ப்பு நான்கைந்து அறைகளோடு அண்மையில் தொடங்கியவர்களிடமும், மெஷின் இருந்தும் வெளிநாட்டுக் கார்டு ஏறவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களிடமும் இருக்கிறது. வெளிநாட்டுக் கார்டை ஏற்கும் வசதி எல்லா மெஷினிலும் தானாக வந்துவிடுவதில்லை. விண்ணப்பத்திலேயே கேட்டுத் திறக்கச் செய்ய வேண்டும், கட்டணமும் உள்நாட்டுக் கார்டுக்கு உள்ளதைவிடக் கூடுதல். இந்த இரண்டையும் உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே அந்தப் படியேறுங்கள். மரச் சாமானோ எனாமல் பாத்திரமோ வாங்க மனம் வைத்துவிட்ட ஒரு பயணியை, ஏடிஎம் தேடிப் பெரியார் சிலைப் பக்கம் அனுப்பிவைத்தால், அவர் திரும்பி வருவது நிச்சயமில்லை என்பது பழம்பொருள் கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் தெரியும். அவரிடம் மெஷினின் சிறப்புகளை விவரிக்க வேண்டியதே இல்லை. சென்ற குளிர்காலத்தில் அப்படிக் கைநழுவிப் போன வியாபாரம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டுவிட்டு, அவர் மனக்கணக்குப் போட்டு முடிக்கும் வரை பேசாமல் இருங்கள்.

இந்த வீடுகளில் மெஷினைச் செய்து காட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெருவாசலில் நின்று காட்டினால் எந்த மெஷினும் வேலை செய்யும். செட்டிநாட்டு வீடோ முகப்பில் தொடங்கி, நடுமுற்றமான வளவைக் கடந்து, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று அடுத்த தெரு வரை நீளும்; சுவர்களோ தடித்த சுண்ணாம்புச் சுவர்கள். முகப்பில் நான்கு கோடு காட்டும் சிக்னல் வளவுக்குள் வந்ததும் ஒன்றாகி, உணவுக் கூடத்தில் இல்லாமலே போய்விடும். விருந்தினர் பில் கட்டுவது எந்த இடம் என்று முதலில் கேட்டு, அங்கேயே போய் நின்று, ஒரு ரூபாய்க்கோ பத்து ரூபாய்க்கோ உண்மையான கார்டில் பணம் எடுத்துக் காட்டுங்கள். அங்கே எந்த நிறுவனத்தின் சிம் எடுக்கிறது என்று பார்த்து அந்தச் சிம்மைப் போடுங்கள்; விடுதியில் வைஃபை இருந்தால் மெஷினை அதிலும் இணைத்து வையுங்கள். திருப்பிக் கொடுக்கப்பட்ட உங்கள் மெஷின்களில் எத்தனை இந்த ஒரு காரணத்தால் திரும்பியவை என்று விசாரித்துப் பார்ப்பது நல்லது. சிக்னல் கிடைக்கவில்லை என்று கடைக்காரர் சொல்ல மாட்டார். "நமக்குச் சரிப்படலே" என்று மட்டுமே சொல்வார்.

அடுத்தது திருமணத் தொழில். மெஷின் கையடக்கமாக இருப்பதன் பயன் முழுமையாகத் தெரிவது இங்கேதான். சமையல் ஒப்பந்தக்காரர், பந்தல் அலங்காரக்காரர், போட்டோ வீடியோ எடுப்பவர் ஆகியோருக்குப் பணம் கைமாறும் இடம் கடை மேஜை அன்று, கல்யாண வீடு. முன்பணம் வங்கிக் கணக்குக்கு வந்திருக்கும். கடைசிப் பந்தி முடிந்து, இலைக் கணக்கு பார்த்து, மீதியைக் கேட்கும்போது, பெண்ணின் தகப்பனார் "ஊருக்குப் போனதும் அனுப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் விமானம் ஏறிவிடுவதும், சமையல்காரர் ஒரு மாதம் அவரைத் தொலைபேசியில் துரத்துவதும் இந்தத் தொழிலில் வாடிக்கை. அந்த இரவில், அந்த இடத்திலேயே கணக்கை முடித்துத் தரும் ஒரு கருவி என்று உங்கள் மெஷினை அவர் புரிந்துகொண்டால், வாடகையைப் பற்றி இரண்டாவது முறை பேச மாட்டார்.

இங்கே சட்டமும் உங்கள் பக்கம் பேசுகிறது. ஒரே நிகழ்ச்சி தொடர்பாக ஒருவரிடமிருந்து இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் 1 முதல் தடை செய்திருக்கிறது. மீறிப் பெற்றவருக்கு, பெற்ற தொகை அளவுக்கே அபராதம் விதிக்க இடமுண்டு. தவணை தவணையாக வாங்கினாலும் நிகழ்ச்சி ஒன்றுதான் என்பதால் தப்பிக்க முடியாது. ஆகவே ரூ. 2,40,000 மீதியை ரொக்கமாக வாங்குவது ஆபத்து; யூபிஐயில் ஒரே நாளில் பொதுவாக வராது. டெபிட் கார்டில் வாங்கினால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே காட்டுங்கள். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிப்படி, முந்தைய நிதியாண்டில் இருபது லட்சம் ரூபாய்க்குள் விற்றுமுதல் உள்ள சிறு வணிகருக்கு மெஷினில் எடுக்கும் டெபிட் கார்டுக் கட்டணம் அதிகபட்சம் 0.40 சதவீதம், ஒரு பரிமாற்றத்துக்கு ரூ. 200-க்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேற்பட்ட வணிகருக்கு 0.90 சதவீதம், உச்சம் ரூ. 1,000. நம் சமையல் ஒப்பந்தக்காரர் இரண்டாவது வகை என்று கொண்டால், 0.90 சதவீதப்படி வர வேண்டிய ரூ. 2,160 உச்சவரம்பால் ரூ. 1,000 ஆகிறது, அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி ரூ. 180, மொத்தம் ரூ. 1,180 போக மீதி முழுவதும் அவர் கணக்குக்கு வந்துவிடும். அதே தொகை கிரெடிட் கார்டில் வந்து, உங்கள் நிறுவனத்தின் கட்டணம் 1.8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ரூ. 4,320-ம் ஜிஎஸ்டி ரூ. 777.60-ம் சேர்ந்து ரூ. 5,097.60 பிடிபடும், கிரெடிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு கிடையாது. ரூபே டெபிட் கார்டானால் ஒரு ரூபாயும் பிடிபடாது.

"எங்கள் கமிஷன் வெறும் 1.8 சதவீதம்தான்" என்று ஒற்றை வரியில் சொல்லும் முகவரைவிட, இந்த மூன்று கணக்கையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்கும் முகவரை இந்தப் பகுதி வணிகர்கள் நம்புவார்கள். வட்டிக் கணக்கிலும் ஐந்தொகையிலும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய ஊர் இது; அரைகுறையாகச் சொன்ன சதவீதத்தை முதல் மாத செட்டில்மென்ட் அறிக்கையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பெரிய தொகை என்றால் முதலில் டெபிட் கார்டைக் கேட்கும்படியும், வாடிக்கையாளரின் வங்கி அந்தக் கார்டுக்கு வைத்திருக்கும் தினசரி வரம்பை உயர்த்திக்கொண்டு வரும்படி முன்கூட்டியே சொல்லி வைக்கும்படியும் ஒப்பந்தக்காரருக்கு நீங்களே கற்றுக்கொடுங்கள். உங்கள் கமிஷன் சற்றுக் குறையும்தான். ஆனால் மெஷின் திரும்பி வராது. கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டி "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேர்த்துக் குடுங்க" என்று கேட்கலாம் என்ற யோசனையை மட்டும் எக்காரணத்தாலும் சொல்லிவிடாதீர்கள். டெபிட் கார்டில் அப்படி வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். புகார் போனால் பதில் சொல்ல வேண்டியவர் வணிகர்.

இவ்விரு வகையினரையும் அடுத்து, தனியார் மருத்துவமனைகள், ஸ்கேன் மையங்கள், பல் மருத்துவமனைகள் ஆகியவற்றைச் சொல்வேன். எதிர்பாராமல் வரும் பெரிய பில், கையில் பணமில்லாத உறவினர், கிரெடிட் கார்டு என்ற மூன்றும் அங்கே சேர்ந்தே வரும், விளக்கம் தேவையில்லை. நூறடி ரோட்டிலுள்ள மின்சாதனக் கடைகளிலும் மரச்சாமான் கடைகளிலும் தவணை வசதிக்காகவே மெஷின் வைத்திருப்பார்கள். அங்கே இரண்டாவது மெஷினாக, சாமானை வீட்டில் இறக்கும்போது பணம் வாங்குவதற்காகக் கேட்டுப் பாருங்கள். உரக்கடைக்குப் போனால் "எங்ககிட்ட மெஷின் இருக்கே" என்று ஒரு கருவியை எடுத்துக் காட்டுவார்கள். அது ஆதாரைச் சரிபார்த்து மானிய உரம் விற்பதற்காக அரசுத் திட்டத்தில் வைக்கப்பட்டது, கார்டுப் பணம் வாங்குவதற்கு உரியதன்று. இதை அவருக்கு விளக்கிச் சொல்வதில் அரை மணி நேரம் போகும். பலனும் பெரிதாக இராது.

ஆத்தங்குடியையும் புதுவயலையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டுமே பெயர் பெற்ற தொழில்கள் என்பதால் உங்களுக்கு அந்த எண்ணம் தோன்றியிருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்யும் ஆத்தங்குடிக் கற்களுக்கு வெளியூர்களிலிருந்து ஆர்டர் வருகிறது. வாங்குபவர் பட்டறைக்கு நேரில் வருவதே குறைவு. முன்பணமும் மீதியும் வங்கிப் பரிமாற்றத்தில் வந்துவிடும்போது அவர்களுக்குக் கார்டு மெஷின் எதற்கு? கைபேசிக்கு அனுப்பும் பேமென்ட் லிங்க் வசதி உங்கள் நிறுவனத்திடம் இருந்தால் அதைக் கொண்டுபோங்கள். அது அவர்களுக்கு உண்மையிலேயே உதவும். புதுவயல் ஆலைகளின் வணிகம் மொத்த வணிகம், வங்கி மூலமே நடப்பது. அங்கே போகவே வேண்டாம். பலகாரக் கடைகள் இரண்டுங்கெட்டான். மணகோலமும் சீப்புச் சீடையும் கால் கிலோ, அரைக் கிலோவாக விற்கும் கடைக்கு க்யூஆர் போதும்; கல்யாணச் சீருக்கு மொத்தமாகச் செய்து கொடுப்பவர், வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டிக் கொடுப்பவர் என்றால் பேசிப் பார்க்கலாம். கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூரிலிருந்து தேடி வந்து வாங்குபவர்கள் படியேறும் சேலைக்கடைகளையும் உங்கள் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, யாரிடம் பேசுவது என்பது. கடையிலோ விடுதியிலோ உங்களை வரவேற்று, காபி கொடுத்து, மெஷினைத் தொட்டுப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவர் பெரும்பாலும் மேலாளராகவோ கணக்குப்பிள்ளையாகவோ இருப்பார். "செட்டியார் மெட்ராஸ்ல இருக்காக, வந்தாகன்னா சொல்றேன்" என்ற பதிலோடு நீங்கள் திரும்புவீர்கள். அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் பேச வேண்டியவர் சென்னையில் இருக்கிறார் என்ற தகவல் அது. அவருடைய எண்ணைக் கேட்டு வாங்கி, மேலாளரையே முதலில் ஒரு வார்த்தை சொல்லச் செய்து, பிறகு மாலையில் அழையுங்கள். மேலாளரைத் தாண்டிப் போனதாக அவர் நினைத்துவிட்டால் அந்தக் கதவு அடைத்துவிடும்.

விடுதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. வீடு பங்காளிகள் பலருக்குப் பொதுவாக இருக்கும். தொழிலை நடத்துபவர் ஒருவர், நடப்புக் கணக்கு இன்னொருவர் பெயரில், ஜிஎஸ்டி பதிவு மூன்றாமவர் பெயரில் என்றுகூட இருக்கலாம். மெஷின் எந்தப் பெயரில் கேட்கப்படுகிறதோ அந்தப் பெயரிலேயே பான், வங்கிக் கணக்கு, தொழில் பதிவு ஆகியவை இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். அலைந்த அலைச்சல் வீண், வணிகருக்கும் எரிச்சல். எனவே விலையைப் பேசுவதற்கு முன்பே, "நடப்புக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டுவிடுங்கள். ரத்து செய்த காசோலை, பான் நகல், ஜிஎஸ்டி அல்லது சிறுதொழில் பதிவான உத்யம் சான்று, பெயர்ப்பலகை தெரியும்படி கடையின் படம் ஆகியவற்றை ஒரே நடையில் வாங்கிக்கொண்டு வருவதையே குறிக்கோளாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையைப் பாதியாகக் குறைக்கும் ஒருவர் ஊரில் இருக்கிறார்: ஆடிட்டர். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் சிறு வணிகர்களின் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர்களும் வரி ஆலோசகர்களும் சொல்வதை வணிகர்கள் கேட்பார்கள்; மெஷின் வைத்தால் வருமானம் வெளியே தெரிந்துவிடுமே என்ற அச்சத்துக்கு நீங்கள் சொல்லும் சமாதானம் எடுபடாது, அவர் சொன்னால் எடுபடும். அவரிடம் சொல்வதற்கும் விஷயம் இருக்கிறது. உத்தேச வருமான முறையில் வரி கட்டும் சிறு வணிகருக்கு, ரொக்கமாக வந்த விற்றுமுதலில் 8 சதவீதத்தை லாபமாகக் கொள்ளும் சட்டம், வங்கி வழியாகவும் மின்னணு வழியாகவும் வந்ததில் 6 சதவீதத்தைக் கொண்டால் போதும் என்கிறது. ரொக்கம் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் அந்த முறைக்கான விற்றுமுதல் வரம்பும் இரண்டு கோடியிலிருந்து மூன்று கோடியாக உயர்கிறது. ஆடிட்டருக்கு இவை தெரியாதவை அல்ல. இவற்றோடு, கார்டு வாரியாகப் பிரித்த மாத அறிக்கையை அவருடைய அலுவலகத்துக்கே நேராக அனுப்பிவைப்பேன் என்று நீங்கள் சொன்னால், அவருக்கு வேலை மிச்சம், கட்டணத்தின் மீது பிடித்த ஜிஎஸ்டியை உரிய வணிகர்களுக்கு உள்ளீட்டு வரியாக, அதாவது அவர்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் வரவாக, எடுத்துக் கொடுக்கவும் வசதி. அவருக்குக் கமிஷன் தருவதாகப் பேச வேண்டாம். பட்டயக் கணக்காளர்களுக்கு அதில் தொழில் ஒழுங்குத் தடைகள் உண்டு, பேசிய உடனே உங்கள் மதிப்பும் குறைந்துவிடும்.

போகும் காலமும் முக்கியம். முகூர்த்த மாதங்களில் சமையல் ஒப்பந்தக்காரரைப் பார்க்கப் போனால் அவர் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் அவர் ஓய்வாக இருப்பார். மார்கழியில் பேசி, தை பிறப்பதற்குள் மெஷின் கையில் இருக்கும்படி செய்யுங்கள். ஜவுளிக் கடைக்கு இது நேர்மாறு, ஆடியில் அங்கே தலைகாட்டக் கூடாது. விடுதிகளையும் பழம்பொருள் கடைகளையும் மழைக்கால முடிவுக்கு முன், பயணிகள் வரத் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் தேடிப் போகாமலே சிலர் உங்களைத் தேடி வருவார்கள். வாடகையைப் பற்றியோ கட்டணத்தைப் பற்றியோ ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள், உடனே மெஷின் வேண்டும் என்பார்கள். கடை என்று காட்டும் இடத்தில் சரக்கு இருக்காது. அவர்களில் ஒரு பகுதியினர் கிரெடிட் கார்டை மெஷினில் தேய்த்து, விற்காத பொருளுக்கு பில் போட்டு, கமிஷன் பிடித்துக்கொண்டு ரொக்கம் கொடுக்கும் தொழில் செய்பவர்கள். வணிகர் ஒப்பந்தத்துக்கும் வங்கி விதிகளுக்கும் இது முற்றிலும் விரோதமானது. மெஷின் முடக்கப்படும், பணம் நிறுத்திவைக்கப்படும், விசாரணை வந்தால் கடையை நேரில் பார்த்துச் சான்று கொடுத்தவர் என்ற முறையில் உங்கள் பெயரும் அதில் இருக்கும். முதல் மாத இலக்கை எட்டுவதற்காக அப்படி ஒரு மெஷினைக்கூடக் கொடுத்துவிடாதீர்கள். ஒருவர் பெயரில் வாங்கி இன்னொருவர் கடையில் வைப்பதற்கும் இதே பதில்தான்.

எண் பட்டியலை வாங்க வேண்டாம். அந்த எண்கள் எப்படித் திரட்டப்பட்டவை என்பது உங்களுக்குத் தெரியாது. விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்திருப்பவர்களை அழைத்தால் புகாருக்கு ஆளாவீர்கள். அதைவிட, உங்களுக்குத் தேவையான வணிகர்களின் எண்ணிக்கை இந்த மூன்று ஊர்களிலும் சேர்ந்து ஒரு குறிப்பேட்டுக்குள் அடங்கிவிடும். அதற்கு விலைக்கு வாங்கும் பட்டியல் எதற்கு? ஒரு சமையல் ஒப்பந்தக்காரருக்குப் பொருத்திக் கொடுத்து, முதல் கல்யாணத்தன்று இரவு நீங்களே கூடப் போய் நின்று பணம் எடுத்துக் கொடுத்தால், பந்தல்காரரும் போட்டோகாரரும் அங்கேயே உங்களைப் பார்த்துவிடுவார்கள்.

வாடகைத் தள்ளுபடி எல்லோருக்கும் வேண்டாம். இலவசமாக வந்த மெஷின் மேஜை இழுப்பறைக்குள் போய்விடும்; வணிகம் நடக்காத மெஷினால் உங்களுக்கும் வரவு இல்லை. மாதத்தில் இவ்வளவு தொகைக்கு மேல் வணிகம் நடந்தால் அந்த மாத வாடகை இல்லை என்ற ஏற்பாட்டுக்கு உங்கள் நிறுவனம் சம்மதிக்கிறதா என்று கேளுங்கள். பயணிகள் வராத கோடை மாதங்களில் விடுதிகளுக்கு வாடகையை நிறுத்திவைக்க முடியுமா என்றும் கேளுங்கள். இந்தச் சலுகை ஒன்றே உங்களைப் போட்டியாளர்களிடமிருந்து பிரித்துக் காட்டும்.

காரைக்குடியில் ஆபீஸ் இப்போதைக்குத் தேவையில்லை. நேர்மையான வணிகர் யாரும் உங்களைத் தேடி வந்து மெஷின் வாங்கப் போவதில்லை, நீங்கள்தான் போக வேண்டும். மெஷின் நின்றுவிட்டால், மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டியிருப்பதுதான் ஏற்கெனவே மெஷின் வைத்திருப்பவர்களின் முதல் குறை. ஆபீஸ் முன்பணத்துக்கு ஒதுக்கிய தொகையில், நிறுவனத்திடம் பேசி, பழுதானால் உடனே மாற்றிக் கொடுப்பதற்கு இரண்டு மெஷின்களைக் கைவசம் வாங்கி வையுங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் சிம்களும், ஒரு பெட்டி பேப்பர் ரோலும், சார்ஜர்களும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். காலையில் அழைத்தால் மாலைக்குள் வருவேன் என்று உங்களால் தேவகோட்டையிலிருந்து சொல்ல முடியும். இந்த வாக்கை அட்டையில் அச்சடித்து, உங்கள் சொந்த எண்ணோடு, ஒவ்வொரு மெஷினின் பின்புறத்திலும் ஒட்டிவிடுங்கள்.